கல்லூரிக் கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஓர் உதவி மையம்: தொடங்குவது எப்படி?

பிளஸ் டூவில் கணிதத்தில் தேறி, பொறியியலிலோ கணினி அறிவியலிலோ வணிகவியலிலோ சேர்ந்த பிள்ளை, முதல் பருவத்திலேயே கணிதத்தில் அரியர் வைத்துவிட்டு வீட்டில் சொல்ல முடியாமல் திண்டாடுவதை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைக்குத் துணைநிற்க விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், படிப்பை முடித்த அண்ணன்மார், அக்காமார், ஊர்ப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் மாலைநேர மையம் ஒன்றை நிலைநிறுத்துவதற்குள், எந்தத் தாளை யாரிடம் கேட்பது, எந்த மாதத்தில் எதை முடிப்பது என்று சொல்ல ஆளில்லாமல் மிகவும் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது கல்லூரிக் கணிதத்தில் அன்று; ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை விட்டுப்போன பின்னம், அடுக்கு, காரணிப்படுத்தல், முக்கோணவியல் ஆகியவற்றில்தான். கல்லூரி ஆசிரியர் அறுபது பேருக்கு முன்னால் நின்று அதற்குத் திரும்பிச் செல்ல முடியாது. ஆகவே அவர்களுக்கு இன்னொரு டியூஷன் வகுப்பு தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு எந்த வரியில் நின்றுபோனது என்று பார்க்க ஒருவர் தேவை. கீழே உள்ள எல்லா ஏற்பாடுகளும் அந்த ஒன்றுக்காகத்தான்.

1. யாருக்கு என்ன தடை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே பாடம் நடத்தத் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் மையம் காலியாகிவிடும். எங்கள் பக்கத்தில் நான்கு வகையினர் வருகிறார்கள். தமிழ்வழியில் படித்து, கணக்கு தெரிந்தும் ஆங்கிலத்தில் உள்ள வினா புரியாமல் நிற்பவர்கள் முதல் வகையினர். இவர்களுக்குச் சில வாரங்களே போதும். பதினோராம் வகுப்பில் கணிதமே இல்லாத பிரிவில் படித்துவிட்டு, இப்போது பி.காம்.மில் வணிகக் கணிதத்தையும் புள்ளியியலையும் சந்திப்பவர்கள் இரண்டாம் வகையினர். தொழிற்கல்விப் பிரிவிலிருந்து பொறியியலுக்கு வந்தவர்களும் இவர்களைப் போன்றவர்களே. பாலிடெக்னிக் முடித்து, பொறியியலில் நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்தவர்கள் மூன்றாம் வகையினர். இவர்களைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அரியர் சேர்ந்தபின் வருபவர்கள் நான்காம் வகையினர். இவர்களுக்குக் கணக்கைவிடத் தேதிகளே முதல் ஆபத்து.

2. கல்லூரித் தாள்களை முதல் வாரத்திலேயே வாங்குங்கள்

ஒவ்வொரு மாணவரிடமும் நான்கு தாள்களைக் கேளுங்கள்: பாடக்குறியீட்டுடன் கூடிய பாடத்திட்டம், அகமதிப்பீட்டுத் தேர்வுகளின் தேதிப் பட்டியல், முந்தைய பருவங்களின் வினாத்தாள்கள் இரண்டு அல்லது மூன்று, அரியர் இருந்தால் கடைசித் தேர்வு முடிவின் நகல். இவை வந்து சேராமல் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள்.

பாடக்குறியீட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் நடப்பது அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம்; கீழக்கரை, இராமநாதபுரம் பகுதிகளின் தனியார் பொறியியல் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. சேதுபதி அரசு கலைக் கல்லூரி உள்ளிட்ட கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. பொறியியலுக்குள்ளேயே ரெகுலேஷன் 2021 என்ற பாடத்திட்ட விதிமுறையில் சேர்ந்தவர்களும், 2025-26 கல்வியாண்டு முதல் ரெகுலேஷன் 2025-இல் சேர்ந்தவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அண்ணனின் பழைய நோட்டை வைத்துத் தம்பி படிப்பது எங்கள் ஊர்களில் இயல்பு. குறியீட்டை ஒப்பிடாமல் படித்தால் பருவம் முடியும்போதுதான் இரண்டு அலகுகள் வேறு என்று தெரியும்.

3. சேர்ந்த அன்றே அடிப்படைத் தேர்வு ஒன்று வையுங்கள்

இருபது வினாக்கள், நாற்பது நிமிடங்கள், கால்குலேட்டர் இல்லை. வினாக்கள் எல்லாமே பள்ளிப் பாடத்திலிருந்துதான். 3/4-இலிருந்து 5/6-ஐக் கழிப்பது, 2-இன் மூன்றாம் அடுக்கையும் 2-இன் கழித்தல் ஐந்தாம் அடுக்கையும் பெருக்குவது, ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்ப்பது, 10 அடிமானத்தில் 1000-இன் மடக்கை, (1, 2), (3, 8) என்ற புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வு, சைன் 30 பாகையின் மதிப்பு, ஒரு பரவளையத்தின் படம் என்ற அளவில் இருக்கட்டும். வணிகவியல் மாணவர்களுக்கு முக்கோணவியலை நீக்கி, சதவீதம், கூட்டு வட்டி, சராசரி, திட்டவிலக்கம் ஆகியவற்றைச் சேருங்கள்.

மதிப்பெண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். தாளைப் பெற்றோரிடமும் காட்டாதீர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பின்னம் தெரியவில்லை என்று ஊரில் ஒரு சொல் பரவினால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது. தாளைத் திருத்தும்போது மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தவறின் வகையைக் குறியுங்கள். அடிக்கடி வருபவை மூன்று; எழுத்துகளுக்குப் பதில் எண்களை இட்டுக் காட்டுகிறேன். (3+4)-இன் வர்க்கத்தை 9+16 என்று எழுதுவது. (9+16)-இன் வர்க்கமூலத்தை 3+4 என்று பிரிப்பது. (6+3)/3 என்பதில் 3-ஐ 3-உடன் அடித்துவிட்டு 6 என்பது. எண்களாகப் பார்த்தால் எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். எழுத்துகள் வந்தவுடன் செய்கிறார்கள். ஆகவே ஐயம் வரும் இடத்தில் எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணை இட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை அன்றைக்கே கற்றுக்கொடுத்துவிடுங்கள். முதல் மாதத்தில் மற்ற எதையும்விட இதுவே அதிகம் உதவியது.

4. இடமும் அனுமதியும்

வீட்டுத் திண்ணையில் தொடங்கலாம். ஆனால் பெண்பிள்ளைகள் தொடர்ந்து வரவேண்டுமென்றால் பொது இடம் வேண்டும். ஊராட்சியின் சமுதாயக் கூடம், கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள அறை, ஜமாஅத்துக்கு உட்பட்ட கூடம் என ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒன்று மாலையில் சும்மா இருக்கும். எங்கே கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் நோக்கம், வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும், மின்கட்டணத்தில் உங்கள் பங்கு, கட்டணம் வாங்கப் போவதில்லை என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர் மாறும்போது வாய்மொழி அனுமதி நிற்காது.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளில் ஊராட்சித் தலைவருக்கும் (தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலருக்கும்) செயலருக்கும், மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலருக்கும், இராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகளில் ஆணையருக்கும் விண்ணப்பம் செல்ல வேண்டும். பள்ளி வகுப்பறையைத் தலைமையாசிரியர் தாமாகத் தந்துவிட முடியாது. மேலிடத்து ஒப்புதலுக்கு மாதக் கணக்கில் ஆகலாம். எனவே பள்ளியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கப் படிவம் போதும்: பெயர், கல்லூரி, பாடப்பிரிவு, ரெகுலேஷன், பெற்றோரின் கைபேசி எண், பெற்றோர் கையொப்பம். ஆதார் நகல், சான்றிதழ் நகல் எதையும் வாங்காதீர்கள். அவை உங்களுக்குத் தேவையில்லை, பாதுகாப்பதும் கடினம்.

5. சொல்லிக்கொடுப்பவர்களைத் தேடுவது

ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அது பெரிய பேறு. ஆனால் அவரை மட்டும் நம்பினால் மையம் மீண்டும் வகுப்பறையாகிவிடும். அதே பாடத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தட்டுத்தடுமாறித் தேறிய மூன்றாமாண்டு மாணவர்கள் இருவர் உடன் இருக்கட்டும். எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது அவர்களுக்கு நினைவில் இருக்கும். ஐயம் கேட்பவர்களுக்கும் அண்ணன், அக்கா என்று கூச்சமின்றி நெருங்க முடியும். ஒருவருக்கு ஐந்து மாணவர்களுக்கு மேல் வேண்டாம். பெண்பிள்ளைகள் வரும் நாளில் பொறுப்பாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் வீடு சேரும்வரை பொறுப்பு உங்களுடையதே.

6. நேரத்தைக் கடலையும் பேருந்தையும் பார்த்துக் குறியுங்கள்

கல்லூரிப் பேருந்து வந்து சேரும் நேரத்திலிருந்து ஒரு மணிநேரம் விட்டுத் தொடங்குங்கள். தேவிபட்டினத்திலோ உச்சிப்புளியிலோ ஆறரை மணி பொருந்தலாம். பாம்பன் பாலம் தாண்டி இராமேசுவரம் தீவுக்குள் வரவேண்டியவர்களுக்கு ஏழு மணியாகும். ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு ஒரு காலை போதும். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளில் வீட்டு வேலை பிள்ளைகள் மேல் விழும். கடற்பாசி எடுக்கும் தாய்மார்களின் வீடுகளிலும் அப்படித்தான். அந்த நாள்களைப் பெற்றோரிடம் கேட்டுத் தவிர்த்துவிடுங்கள். தேவாலயத் திருவிழா, கந்தூரி, கோயில் கொடை ஆகிய நாள்களையும் முன்பே குறித்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாமாண்டுப் பொறியியல் மாணவர்கள் கலந்தாய்வு முடிந்து தாமதமாகச் சேருவதால், வகுப்பு தொடங்கி முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு வருவதற்குள் சில வாரங்களே இருக்கும். அந்த வாரங்களில் மையம் நடந்தாக வேண்டும். தேர்வில் விழுந்தபின் தொடங்கினால் பாதிப் பேர் மனம்விட்டிருப்பார்கள். அடுத்தது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கையும் மின்வெட்டும் சேர்ந்து வாரக்கணக்கில் கூட முடியாமல் போகலாம் என்பதால், செப்டம்பரிலேயே அடிப்படைப் பாடங்களை முடித்து, வீட்டில் செய்வதற்கான பயிற்சித்தாள்களை நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். கைபேசியில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். மின்சாரம் இல்லாத நாளில் தாள்தான் கைகொடுக்கும்.

7. பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் முறை

மாணவர் தம் கல்லூரி நோட்டிலிருந்து தாம் முயன்று நின்றுபோன ஒரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். வெறுங்கையுடன் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்பவரை, அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்கை நான்கு வரியாவது எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு, எந்த வரியில் நின்றது என்று கேளுங்கள். பேனா அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாங்கி எழுதத் தொடங்கிவிட்டால் அவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்குப் போனால் ஒன்றும் வராது.

ரெகுலேஷன் 2021-இன் முதல் பருவப் பாடமான அணிகளும் நுண்கணிதமும் (பாடக்குறியீடு எம்ஏ 3151) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் அலகில் மூன்றுக்கு மூன்று அணியின் ஐகன் மதிப்புகளைக் காண வேண்டும். மாணவர் ஐகன் மதிப்பு புரியவில்லை என்பார். உட்கார்ந்து பார்த்தால், அணிக்கோவையை விரிக்கும்போது கழித்தல் குறியில் பிழை இருக்கும். அல்லது முப்படிச் சமன்பாடு வந்தபின் தொகுமுறை வகுத்தல் மறந்திருக்கும். முன்னது பதினோராம் வகுப்புக் கணிதப் பாடநூலின் ஏழாம் இயல், பின்னது ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதைச் சரிசெய்துவிட்டு, ஐகன் மதிப்புகளின் கூடுதல் அணியின் முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலுக்குச் சமம், பெருக்கல் அணிக்கோவையின் மதிப்புக்குச் சமம் என்ற சரிபார்ப்பைக் கற்றுக்கொடுங்கள். தன் விடை சரியா என்று தானே அறிய முடிகிறது என்ற தெம்பு வந்தவுடன் பிள்ளையின் முகமே மாறும்.

ஐந்தாம் அலகான பன்மடித் தொகையிடலிலும் இதே நிலைதான். தொகையிடல் பெரும்பாலும் எளிது. தொகையிடும் வரிசையை மாற்றும்போது பகுதியின் படத்தை வரைந்து எல்லைகளைக் காண்பதுதான் வராது. நேர்கோடும் பரவளையமும் வெட்டும் இடத்தைத் தாளில் வரையத் தெரியாமல் அந்த அலகுக்குள் நுழையவே முடியாது. பதினோராம் வகுப்பின் ஆறாம் இயலையும் பன்னிரண்டாம் வகுப்பின் ஐந்தாம் இயலையும் இரண்டு மாலைகளில் திருப்பிப் பார்த்துவிட்டு அதன்பின் அலகைத் தொடங்குங்கள். இரண்டாம் அலகான வகை நுண்கணிதத்துக்குப் பதினோராம் வகுப்பின் ஒன்பது, பத்தாம் இயல்களும், மூன்றாம் அலகுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் எட்டாம் இயலும், நான்காம் அலகுக்குப் பதினோராம் வகுப்பின் பதினோராம் இயலும் அடிப்படை. ரெகுலேஷன் 2025-இல் பாடத்தின் பெயரும் குறியீடும் மாறியிருந்தாலும், பாடத்திட்டத்தைப் பார்த்து இதேபோல் ஒரு பட்டியலை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பள்ளிப் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிகளிலும் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரே இயலின் இரண்டு நூல்களையும் அருகருகே திறந்து வைத்து, எடுத்துக்காட்டுக் கணக்குகளின் வினாவை மட்டும் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படிக்கச் செய்யுங்கள். அகராதி போலச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இது விரைவில் பலன் தருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். கல்லூரியில் கொடுத்த ஒப்படைவுக் கணக்குகளை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள்; ஒருமுறை செய்தால் மையம் அதற்கே பெயர்பெற்றுவிடும். மூன்று அலகு படித்தால் தேறிவிடலாம் என்ற அறிவுரையை முதலாண்டில் சொல்லாதீர்கள். தேறுவார்கள், ஆனால் விட்ட அலகு மூன்றாம் பருவத்தில் வட்டியோடு வந்து நிற்கும்.

8. செலவு

எங்களுக்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய் ஆயிற்று. எழுதுபலகை, பாய்கள், மின்வெட்டுக்காக இரண்டு சார்ஜ் விளக்குகள், பாடநூல் இயல்களின் நகல்கள் ஆகியவைதான் பெரும் செலவு. பிறகு மாதம் ஜெராக்ஸுக்கும் மார்க்கருக்கும் ஐந்நூறு ரூபாயைச் சுற்றி ஆகிறது. பொறியியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் அறிவியல் கால்குலேட்டர் தேவை; விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதால், படிப்பை முடித்தவர்களிடம் பழையதைக் கேட்டு வாங்கி மையத்தில் வையுங்கள். வாங்குவதற்கு முன் தேர்வறையில் அனுமதிக்கப்பட்ட மாதிரிதானா என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். ஊரில் திரட்டும் பணத்தின் வரவுசெலவை மாதம் ஒருமுறை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

9. தேர்வுக் கட்டணம், அரியர், மறுமதிப்பீடு

நன்றாகப் படித்த பிள்ளையும் தேதி தெரியாமல் ஆறு மாதத்தை இழப்பது இங்கேதான். மையத்தின் சுவரில் ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுக் கட்டணக் கடைசி நாளையும் எழுதி வையுங்கள். அரியர் பாடத்துக்கும் ஒவ்வொரு முறையும் பதிந்து கட்டணம் செலுத்தியாக வேண்டும். தானாகப் பெயர் வந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரட்டைப்படைப் பருவத் தேர்வுகளும் அந்தச் சமயத்தை ஒட்டியே வருவதால், விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் பணமே இருக்காது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறும் பிள்ளைகளிடம், பிப்ரவரி, மார்ச் மாதத் தொகையைத் தேர்வுக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தேர்ச்சி விதியையும் விளக்குங்கள். ரெகுலேஷன் 2021-இல் எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, பருவ இறுதித் தேர்வு 60. மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதோடு இறுதித் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். அகமதிப்பீட்டில் 35 வாங்கிய மாணவர் இறுதித் தேர்வில் நூற்றுக்கு 44 எடுத்தால், மொத்தம் 61-க்கு மேல் வந்தும் தேர்ச்சி இல்லை. கலை அறிவியல் கல்லூரிகளில் விதி வேறு என்பதால் அந்தந்தக் கல்லூரியின் கையேட்டைப் பாருங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். வீட்டு வேலைக்காக விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பெற்ற பிறகே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இரண்டுக்கும் கட்டணமும் குறுகிய கால வரம்பும் உண்டு. நகலை மையத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடாவிட்டாலும், எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அந்த நகல் காட்டிவிடும். அடுத்த ஆறு மாதத்துக்கான பாடத்திட்டத்தை அதைக் கொண்டே அமையுங்கள்.

10. நேரடி இரண்டாமாண்டு மாணவர்கள்

பாலிடெக்னிக்கிலிருந்து வருபவர்கள் முதலாண்டின் இரண்டு கணிதப் பாடங்களையும் படிக்காமல் மூன்றாம் பருவத்துக்குள் நுழைகிறார்கள். ரெகுலேஷன் 2021-இல் இயந்திரவியல், கட்டுமானவியல் மாணவர்களுக்கு அங்கே காத்திருப்பது எம்ஏ 3351, உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். அதில் ஃபூரியர் தொடர் என்ற அலகு முழுவதும் பகுதித் தொகையிடலிலும், சைன், கொசைன் சார்புகளின் தொகையிடலிலும்தான் நிற்கிறது. இவர்கள் தொழிற்கூடப் பாடங்களில் மற்றவர்களைவிடத் தேர்ந்தவர்கள் என்பதால், கணிதத்தில் பின்தங்கியிருப்பதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தாமாக மையத்துக்கு வரமாட்டார்கள். டிப்ளமோ இறுதித் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள இடைவெளியில் நீங்களே தேடிச் சென்று அழையுங்கள். அந்த வாரங்களில் பதினோராம் வகுப்பின் மூன்று, பத்து, பதினோராம் இயல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பகுதித் தொகையிடலைச் சுருக்கமாகச் செய்ய உதவும் பெர்னோலி சூத்திரத்தைக் கொண்டு தொகையிடும் கணக்குகளை ஒரு நாளைக்கு ஐந்து வீதம் எழுதச் சொல்லுங்கள். ஃபூரியர் தொடரின் முதல் வகுப்புக்கு முன்னால் அது கைக்கு வந்திருக்க வேண்டும். அதன்பின் அந்தப் பருவத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.